என் பேரில் பேசியவன்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு பேனாவைப் பிடித்ததெல்லாம் யாராவது காட்டிய இடத்தில் பெயரை எழுதத்தான். எந்த 'ல' எங்கே வரும் என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. பிழைகளைப் பொறுத்துக்கொண்டு வாசியுங்கள். வாயால் சொல்லச் சொன்னால் எனக்கு வராது. நாலு பேர் முன்னால் நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன்.

இலங்கை மலைநாட்டில், டயகம பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். வளர்ந்த தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவது, மருந்தடிப்பது, மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுவது என்று ஆண்களுக்குரிய வேலைகள் எல்லாம் செய்வேன். மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருக்கிறாள். ஒரே மகள். வட்டவளையில் மனைவியின் தங்கை வீட்டில் தங்கிப் படிக்கிறாள். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் ஒன்றில் நான் மட்டும்தான்.

மனைவியின் இரண்டு வருட ஒப்பந்தம் தீபாவளியோடு முடிய இருந்தது. அவள் திரும்பி வருவாளா, இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவாளா என்பது ஒன்றுதான் எங்கள் குடும்பத்தில் அப்போது முடிவாகாமல் இருந்த விஷயம். நான் அதைக் கேட்கவில்லை. வா என்று சொன்னால் வந்த பிறகு எப்படிச் சமாளிப்போம் என்று கேட்பாள். இரு என்று சொன்னால் என்னை வேண்டாமா என்று நினைப்பாள். இரண்டுக்கும் பயந்து சும்மா இருந்தேன். அவளும் சொல்லவில்லை.

அவளுடைய போனை வீட்டுக்கார அம்மா வாங்கி வைத்துக்கொண்டு பின்னேரத்தில் கொஞ்ச நேரம் கொடுப்பாள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கோல் எடுக்கலாம். மற்ற நாட்களில் அவள் குரலைப் பதிந்து அனுப்புவாள். நானும் பதிந்து அனுப்புவேன். லயத்தில் பக்கத்து வீட்டில் தும்மினால் எங்கள் வீட்டில் கேட்கும். அங்கே உட்கார்ந்துகொண்டு மனைவியிடம் என்ன பேச முடியும்? "மழ பெய்யுது. சாப்பாடு ஆச்சு. மக நல்லா இருக்கா." இவ்வளவுதான் அனுப்புவேன். அவள் பதிலுக்குச் சிரிப்பாள். "ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு. இத்துடன் செய்திகள் முடிவடைந்தனனு சொல்ல மறந்துட்டீங்க."

அவள் அனுப்புவதெல்லாம் நீளமாக இருக்கும். நான் பாதி கேட்பேன். வேலை முடிந்து வந்து கால் கை கழுவி அடுப்பைப் பற்ற வைக்கும் நேரத்தில் வரும். மிச்சத்தை அப்புறம் கேட்கலாம் என்று வைத்துவிடுவேன்.

போன வருடம் ஆடி மாதம் எங்கள் லயத்து வாட்ஸ்அப் குரூப்பில் ஒன்று வந்தது. தோட்டத் தொழிலாளருக்குச் சொந்தமாகக் காணி நிலமும் வீடும் கொடுக்கிறார்கள், போனிலேயே பெயர் பதியலாம் என்று இருந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி போட்டிருந்தான். அவனுக்கு வேறு யாரோ போட்டிருந்தார்கள். வெளியில் உள்ளவர்களுக்கு இது புரியாது. எங்கள் பாட்டன் காலத்திலிருந்து இருக்கும் வீடு எங்களுடையது இல்லை. வாசலில் ஒரு மரம் நடுவதென்றாலும் தோட்டத்தைக் கேட்க வேண்டும். காணி என்ற சொல்லைப் பார்த்தால் நாங்கள் யார் அனுப்பியது என்று பார்ப்பதில்லை, நம் பெயர் விடுபட்டுப் போகுமோ என்றுதான் பார்ப்போம். அன்று மத்தியானத்துக்குள் லயம் முழுவதும் அந்த லிங்கை அமுக்கிவிட்டது.

அது ஒரு ஆப். போனுக்குள் இறங்கி அதைக் கேட்டது, இதைக் கேட்டது. பாட்டு, படம், மெசேஜ் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டது. ஒவ்வொன்றுக்கும் ஆம் என்று அமுக்கினேன். அடையாள அட்டை இலக்கத்தையும் போட்டேன். தோட்டத்து ஆபீசில், கந்தோர் என்போம், ஐயாமார் நீட்டும் கடுதாசியில் எதையும் வாசிக்காமல் பெயர் எழுதித்தானே பழக்கம். இதையும் அப்படித்தான் செய்தேன். பதிவு முடிந்தது, அறிவிப்பு வரும் என்று வந்தது. பிறகு ஒன்றும் நடக்கவில்லை. போன் கொஞ்சம் சூடாகியது, பற்றரி சீக்கிரம் இறங்கியது. பழைய போன், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அவள் கோல் எடுத்தபோது குரல் வேறு மாதிரி இருந்தது. கலியாணம் முடித்த புதிதில் கேட்ட குரல்.

"யாரு எழுதித் தர்றா ஒங்களுக்கு?" என்றாள்.

"என்னத்த?"

"சும்மா நடிக்காதீங்க. நம்ம லயத்துக் கடக்காரத் தம்பிதானே? ஒங்களுக்கு எங்க இவ்வளவு தமிழ் தெரியும்." சிரித்தாள். பிறகு, "பரவாயில்ல. யார வச்சாவது கேக்கணும்னு தோணிச்சே," என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் எப்போதும் என்னைக் கிண்டல் பண்ணுகிறவள். இதுவும் அப்படி ஒன்று என்று நினைத்தேன். கேட்டால் இன்னும் கிண்டல் பண்ணுவாள் என்று கேட்கவில்லை.

"தீபாவளி முடிஞ்சதும் வந்துர்றேன். இனிமே கையெழுத்து போட மாட்டேன்," என்றாள்.

நான் போனை மாற்றி மற்றக் காதில் வைத்தேன். வாசலுக்கு வந்து நின்றேன். "குளிர் தொடங்கிருச்சி, ஒரு சுவெட்டர் கொண்டாந்துரு," என்றேன். அவள் அதற்கும் சிரித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடுப்படிக்கு வெள்ளை அடித்தேன். புகை போகாமல் சுவரெல்லாம் கரி. கூரைத் தகரத்தில் ஒழுகுகிற இடத்துக்குத் தார் வைத்தேன். பக்கத்து வீட்டுத் தம்பி எட்டிப் பார்த்து, "என்னண்ணே, மாப்பிள்ள வீட்டுக்காரங்க வர்றாங்களா?" என்றான். "ஒங்க அண்ணி வர்றா," என்றேன். அதைச் சொல்லும்போது என் முகம் எப்படி இருந்ததோ, அவன் மேலே கிண்டல் பண்ணாமல் ஒரு தூரிகையை எடுத்துக்கொண்டு வந்து கூட நின்று அடித்தான்.

இன்னும் இரண்டு வெள்ளி போனது. மூன்றாவது வெள்ளியன்று கோல் எடுத்ததும் அவள் கேட்டாள்.

"காணி எந்தப் பக்கம் குடுத்துருக்காங்க? ரோட்டுப் பக்கமா, ஆத்துப் பக்கமா?"

"என்ன காணி?"

"வெளையாடாதீங்க. நேத்து அனுப்புன காசு கெடச்சிச்சா இல்லையா?"

"என்ன காசு?"

அந்தப் பக்கம் துணி துவைக்கும் மெசின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"நீங்கதானே எழுதுனீங்க. நம்ம பேருக்குக் காணி விழுந்துருக்கு, இன்னைக்கே முன்பணம் கட்டாட்டி அடுத்த ஆளுக்குப் போயிரும்னு. வங்கி நம்பர் போட்டு."

"நான் எழுதல."

"எல்லாமேவா?"

அவள் எல்லாமே என்று எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. "நான் ஒன்னுமே எழுதல, புள்ள," என்றேன்.

அவள் லைனை வெட்டிவிட்டாள்.

வீட்டுக்கு வருவதற்கென்று அவள் ஒதுக்கி வைத்திருந்ததுதான் அந்தப் பணம். வந்த பிறகு டவுனில் ஒரு தையல் மெசின் போட்டு உட்காரலாம் என்று சேர்த்தது. அது முழுவதும் போய்விட்டது.

மறுநாள் வேலைக்குப் போகாமல் ஹற்றனுக்கு பஸ் ஏறினேன். போன் திருத்துகிற கடையில் ஒரு தம்பி இருந்தான். போனை வாங்கிப் பார்த்தவன் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டான்.

"அண்ணே, எத அமுக்குனீங்க?"

"காணிக்குப் பேர் பதியிறது."

"அதானே. ஒரு மாசமா எனக்கு இதே வேலதான்." அவன் போனைத் திருப்பிக் காட்டினான். அந்த ஆப் என் வாட்ஸ்அப்பை வேறு எங்கேயோ இருக்கிற ஒரு மெசினில் திறந்து வைத்திருந்தது. என் பேரில் அங்கே இருந்து எழுதுவார்கள், எழுதியதையும் வந்த பதிலையும் என் போனில் அழித்துவிடுவார்கள், அதனால்தான் எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று விளக்கினான்.

"பதிஞ்ச ஒடனே எடுத்துருக்கலாமே. ஏன் இவ்வளவு நாள் சும்மா இருந்தான்?" என்று கேட்டேன்.

"சும்மா இருக்கலண்ணே. பாத்துக்கிட்டு இருந்துருக்கான். யாரு யாரோட பேசுறா, சம்பளம் எப்ப வருது, யாருக்கு எதுல மனசு எளகும்னு பாத்துட்டுத்தான் கை வப்பான்."

"எனக்கும் அவனுக்கும் என்ன பகை?"

அவன் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான். "பகையா? நீங்க யாருன்னே அவனுக்குத் தெரியாதுண்ணே. ஒங்கள மாதிரி ஆயிரம் போன் அவன் கையில இருக்கும். ஒரு ஆளோ, பத்து ஆளோ. பாதிய மெசினே எழுதுதாம் இப்ப."

அவன் அந்த ஆப்பை அழித்துக் கொடுத்ததும் பொலிஸுக்கும் போனேன். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். எழுதிக்கொண்டார். கொழும்புக்கு அனுப்புவதாகவும், இப்படியானது திரும்பிக் கிடைப்பது கஷ்டம் என்றும் சொன்னார். காட்டிய இடத்தில் பெயரை எழுதிவிட்டு வந்தேன்.

என் பேரில் அவன் என்ன எழுதினான் என்று எனக்குப் பார்க்க வேண்டும் போல இருந்தது. அவளிடம் கேட்டேன். அழித்துவிட்டேன் என்றாள். பிறகு ஒரு நாள், நான் கேட்காமலே, எல்லாவற்றையும் அனுப்பினாள். அவன் எழுதியதும் இருந்தது, அவள் எழுதியதும் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் உட்கார்ந்து எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

பேப்பரில் வரும் தமிழ் மாதிரி இருந்தது. நாங்கள் அப்படிப் பேசுவதில்லை. ஆனால் கேட்டிருந்த விஷயம் எல்லாம் எங்கள் விஷயம். "கையில் உள்ள வெடிப்பு ஆறிவிட்டதா? அந்தச் சவர்க்காரத் தண்ணீரில் அதிக நேரம் நிற்காதே." அவளுக்குக் கை வெடித்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. பழைய குரல் பதிவுகளைத் தேடிக் கேட்டேன். சொல்லியிருக்கிறாள். நான் பாதியில் நிறுத்திய ஒரு பதிவின் கடைசியில் சொல்லியிருக்கிறாள். அவனோ, அந்த மெசினோ, கடைசி வரை கேட்டிருக்கிறது.

அவள் பதில் எழுதியிருந்தவற்றை இங்கே எழுத மாட்டேன். துணி துவைக்கும் மெசினுக்குப் பக்கத்தில்தான் அவளுக்குப் படுக்கை என்பதை மட்டும் எழுதுகிறேன். மகள் போனில் தன்னிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை, வந்தால் தன்னை வெளியாள் மாதிரி பார்ப்பாளோ என்று பயந்திருந்தாள். அதற்கு அவன், "நீ வந்து ஒரு வாரம் அவளுக்குத் தலை வாரிவிடு, எல்லாம் சரியாகும்," என்று எழுதியிருந்தான். அதற்கு அடுத்த பதிலில்தான் அவள் வருகிறேன் என்று எழுதியிருந்தாள்.

பணம் எடுக்கத்தான் அதை எழுதினான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அது நல்ல பதில். வாசித்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எனக்கு அதே நினைப்பு. எங்கள் வேலையில் குளவிதான் பெரிய பயம். கவ்வாத்து மலையில் எத்தனையோ பேர் கொட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். ஆனால் குளவி கலைவதற்கு ஒரு காரணம் இருக்கும். கழுகு கூட்டைக் கொத்தியிருக்கும், காற்றில் கிளை முறிந்திருக்கும், மருந்து வாடை பட்டிருக்கும். காரணம் தெரிந்தால் நேரம் தெரியும். இதற்கும் அப்படி ஒன்று இருக்கத்தானே வேண்டும் என்று யோசித்தேன். மேல் லயத்தில் இரண்டு வீட்டுக்காரர்களும் ஏமாந்திருந்தார்கள். வெட்கத்தை விட்டு அவர்களிடம் போய், எப்போது வந்தது, என்ன கேட்டான் என்று விசாரித்தேன். மூன்று வீட்டிலும் சம்பளம் வந்த வாரத்தில்தான் கேட்டிருக்கிறான். மூன்று வீட்டிலும் இங்கே லீவு நாள் பார்த்துக் கேட்டிருக்கிறான், யாரும் போய் விசாரிக்க முடியாதபடி.

அப்படியானால் அடுத்தது தீபாவளி முற்பணம் கொடுக்கும் வாரத்தில்தான் என்று நினைத்தேன். கட்டாயம் அப்போது வரும். தோட்டத்துச் சங்கத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையாட்டினார். பெரட்டுக் களத்தில் காலையில் ஆட்கள் கூடும்போது சொல்லுங்கள் என்றார். நான் அங்கே நின்று பேசுகிற ஆளா? பக்கத்து வீட்டுத் தம்பியைச் சொல்லச் சொன்னேன். அவன் சொன்னான், ஆனால் அவன் பாணியில் சொன்னான்.

"அண்ணன் நாள் பாத்துருக்காரு. அடுத்த வாரம் பூரா ராகு காலமாம். யாரும் போன அமுக்காதீங்க."

"அமுக்காம எப்படிப்பா பேசுறது?" என்றாள் ஒரு அக்கா.

"சத்தம் போட்டுக் கூப்புடுங்க அக்கா, ஒங்க தொண்டைக்குக் குவைத் என்ன தூரம்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தாலும், கவனமாகத்தான் இருந்தார்கள். அந்த வாரம் யாரும் எதையும் அமுக்கவில்லை. அந்த வாரம் ஒன்றும் வரவும் இல்லை. அடுத்த வாரமும் வரவில்லை. தம்பி என்னைச் சோசியர் என்று கூப்பிடத் தொடங்கினான்.

பிறகு வந்தது. சம்பள வாரமும் இல்லை, லீவு நாளும் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, மழை. இந்தத் தடவை காணி இல்லை. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை முடிவு என்று இருந்தது. கீழ் லயத்தில் மகனைப் பரீட்சைக்கு விட்டிருந்த ஒரு அம்மா அதை அமுக்கிவிட்டாள். மற்றவர்கள் யாரும் அமுக்கவில்லை. மற்றவர்களுக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்குத்தான் நான் இந்த யோசனையை விட்டேன். இது நாள் பார்த்து வருவதில்லை. நாங்கள் எதற்காகக் காத்திருக்கிறோமோ அதன் முகத்தைப் போட்டுக்கொண்டு வருகிறது. எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டுமானால் ஒவ்வொரு வீட்டிலும் யார் எதற்கு ஏங்குகிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். எனக்கு என் வீட்டிலேயே தெரிந்திருக்கவில்லை.

அவள் அந்த நாட்களில் வெள்ளிக்கிழமை கோல் எடுப்பாள். மகளைப் பற்றிக் கேட்பாள், வைத்துவிடுவாள். கிண்டல் இல்லை. அங்கேயே இருக்கப்போகிறாளா வருகிறாளா என்று சொல்லவில்லை. தீபாவளிக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. ஒரு பின்னேரம் நான் தண்ணீர்த் தொட்டிக்குப் போய், யாரும் இல்லாத இடமாகப் பார்த்து, குரலில் சொல்ல முடியாது என்று தெரிந்து, எழுத்தில் எழுதினேன். எவ்வளவோ நேரம் எடுத்தது. "கை எப்படி இருக்கு. மெசின் சத்தத்துல தூக்கம் வருதா. நீ வந்தா போதும்." அமுக்கிவிட்டு அது போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடனே பதில் வந்தது. "யாரு நீ?"

நான் திகைத்துவிட்டேன். இன்னொரு மெசேஜ் வந்தது. "வெக்கமா இல்லையா. இன்னும் எங்கிட்ட என்னடா இருக்கு எடுக்க?"

நான்தான் என்று எழுதினேன். அவள் நம்பவில்லை. நானாக இருந்தால் குரலில் பேசு என்று எழுதினாள். போனை வாய்க்குக் கிட்டப் பிடித்தேன். எழுதிய மூன்று வரியையும் குரலில் சொல்லப் பார்த்தேன். கீழே குழாயடியில் ஆட்கள் வந்துவிட்டார்கள். "நான்தான்," என்றேன். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. மூச்சு மட்டும் பதிந்திருக்கும். அதையே அனுப்பினேன்.

"ஆமா. நீங்கதான்," என்று பதில் வந்தது.

மூன்று வரியையும் யார் எழுதியது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், இனி நான் அன்பாக ஒன்று எழுதினால் அது நான் இல்லை என்றுதான் அவளுக்குத் தோன்றும். அவளைக் குறை சொல்ல முடியாது. எச்சரிக்கையாக இருக்கச் சொல்லித்தானே நானே ஊரெல்லாம் சொன்னேன்.

தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை கோல் எடுத்தாள்.

"கையெழுத்து போட்டுட்டேன்," என்றாள். "இன்னும் ரெண்டு வருஷம். காசு எல்லாம் போயிருச்சில்ல. வெறுங்கையோட வந்து என்ன செய்ய?"

காசுக்காகத்தானா, அந்தப் பதில்களை எழுதியவன் இங்கே இல்லை என்பதற்காகவா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியுமோ என்னவோ. அவன் இருந்தால் அந்த இடத்தில் என்ன எழுதியிருப்பான் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. காசு போனால் போகட்டும், நீ வா, மகள் காத்திருக்கிறாள் என்று எழுதியிருப்பான். ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரியும். அவள் இன்னும் லைனை வெட்டவில்லை.

"சரி," என்றேன்.

மாசி மாதம், சிவராத்திரிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழுதியது.